பீன்ஸை யாரும் இரண்டு முறை பொரிப்பதில்லை

கேள்வி: என் மகன் குடும்பத்தோடு அமெரிக்காவில், ஹூஸ்டனில் இருக்கிறான். நாங்கள் சைவம். சமைக்க நேரமில்லை என்று வாரத்தில் நாலைந்து நாள் ‘ரீஃப்ரைட் பீன்ஸ்’ என்று டின்னில் வருவதைச் சூடு பண்ணி, சப்பாத்தி மாதிரி ஒன்றில் சுருட்டிச் சாப்பிடுகிறார்கள். இரண்டு வயதுப் பேரனுக்கும் அதையே ஊட்டுகிறார்கள். பொரித்ததைத் திரும்பவும் பொரித்தால் சத்தெல்லாம் போய்விடும், உடம்புக்கு விஷம் என்று உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பீன்ஸ் காயைப் போய் எதற்கு இரண்டு தடவை பொரிக்க வேண்டும்? நிறுத்தச் சொல்லட்டுமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நிறுத்தச் சொல்லாதீர்கள், அம்மா. ஆனால் இன்றைக்கே போன் செய்து, அந்த டின்னின் பின்பக்கத்தில் இருப்பதை வரி விடாமல் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பயப்படும் விஷயம் அதில் இருக்காது. நீங்கள் கேட்காத இரண்டு விஷயங்கள் இருக்கக்கூடும்.

முதலில் பெயர். இது மெக்சிகோ உணவு. அங்கே ‘ஃப்ரிஹோலெஸ் ரெஃப்ரிதோஸ்’ என்பார்கள். மெக்சிகோ மக்கள் பேசும் ஸ்பானிஷில் ஒரு சொல்லுக்கு முன்னால் ‘ரெ’ சேர்த்தால் ‘நன்றாக’, ‘ரொம்ப’ என்று அழுத்தம் கொடுக்கிறார்கள் என்று பொருள். நன்றாக வதக்கிய பீன்ஸ், அவ்வளவுதான். அதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘மறுபடி பொரித்தது’ என்று ஆகிவிட்டது. உங்கள் உறவினர் அந்த ஆங்கிலப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு விஷம் வரைக்கும் போயிருக்கிறார். ஒரு உணவை எப்படிச் செய்கிறார்கள் என்று விசாரிக்காமல் நாலு பேரைப் பயமுறுத்துவது எனக்குக் கோபம் வரவழைக்கிற காரியம்.

செய்முறை இதுதான். காய்ந்த பயறை ஊறவைத்துக் குழைய வேகவைக்கிறார்கள். வாணலியில் கொஞ்சம் கொழுப்பைக் காயவைத்து, வெங்காயம் வதக்கி, வெந்த பயறை அதன் தண்ணீரோடு கொட்டி, மசித்துக்கொண்டே கெட்டியாகும் வரை கிளறுகிறார்கள். எண்ணெயில் முக்கிப் பொரிப்பதும் இல்லை, பொரித்த எண்ணெயை மறுபடி காய்ச்சுவதும் இல்லை. கொங்கு நாட்டில் பாசிப்பயறு கடைவார்களே, அதைக் கொஞ்சம் கூடுதல் கொழுப்பில் கிளறிக் கெட்டியாக்கினால் எப்படியிருக்கும், அப்படி.

‘பீன்ஸ் காய்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பொரியல் செய்கிற பச்சை பீன்ஸும், வட இந்தியர்கள் சமைக்கிற ராஜ்மாவும், அந்த டின்னில் இருக்கும் பின்டோ பீன்ஸும் ஒரே இனச் செடியின் வகைகள்தான். பிஞ்சாகப் பறித்தால் நம் காய்; முற்றிக் காயவிட்டு உடைத்தால் பயறு. செடியின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ பக்கத்திலும் தெற்கே ஆண்டிஸ் மலைப் பக்கத்திலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே தனித்தனியாகப் பயிராக்கியிருக்கிறார்கள். ‘மில்பா’ என்கிற நிலத்தில் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் சேர்த்தே விதைப்பார்கள். சோளத் தட்டையைப் பற்றிக்கொண்டு பீன்ஸ் கொடி ஏறும், பூசணி இலை தரையை மூடி ஈரம் காக்கும்.

சரி, சத்துக்கு வருகிறேன். வீட்டில் உப்பில்லாமல் வேகவைத்த பின்டோ ஒரு கப் எடுத்தால் சுமார் 15 கிராம் புரதம், 15 கிராம் நார்ச்சத்து, 1 கிராம் கொழுப்பு. ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பாதிக்கு மேல் ஒரே கப்பில் வந்துவிடுகிறது. ஃபோலேட் என்ற பி வைட்டமின் 290 மைக்ரோகிராம் அளவுக்கு இருக்கிறது; பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 400. பொட்டாசியம், மெக்னீசியம், இரும்பு எல்லாம் கணிசமாக உண்டு. இந்த இரும்பு உடம்பில் எளிதாகச் சேராது என்பது உண்மை. பக்கத்தில் தக்காளி, பச்சை மிளகாய், எலுமிச்சை சேர்ந்த சல்சா இருந்தால் அதிலுள்ள வைட்டமின் சி உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதே இரும்பு சேர்வது தடைப்படும். சர்க்கரை நோயாளிக்கும் இது நல்ல உணவு. மாவுச்சத்து மெதுவாகத்தான் ரத்தத்தில் கலக்கிறது. மசித்துவிடுவதால் முழுப் பயறைவிடச் சற்று வேகமாகக் கலக்கும், ஆனாலும் வெள்ளைச் சோற்றோடு ஒப்பிட்டால் எவ்வளவோ தேவலை. சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டின்னில் வரும்போது கணக்கு கொஞ்சம் மாறுகிறது. அரை கப்பில் புரதம் 6, 7 கிராம், கிட்டத்தட்ட ஒரு முட்டையில் இருப்பது. நார்ச்சத்து 5 கிராம் அளவு. இதுவரை பழுதில்லை. அடுத்து சோடியம் என்ற வரியைப் பாருங்கள்; உப்பிலிருந்து வருவது அது. அரை கப்புக்குப் பெரும்பாலும் 400 முதல் 550 மில்லிகிராம் வரை இருக்கும். நாள் முழுவதற்கும் 2000 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். யாரும் அரை கப்போடு எழுந்திருப்பதில்லை. ஒரு கப் பீன்ஸ், நீங்கள் ‘சப்பாத்தி மாதிரி’ என்று சொன்ன, கடையில் வாங்கிய கோதுமை டார்ட்டியா இரண்டு, மேலே தூவிய சீஸ், எல்லாவற்றிலும் உப்பு உண்டு. ஒரே வேளையில் ஒரு நாள் அளவை நெருங்கிவிடலாம். நான் கவலைப்படுவது இதற்குத்தான். முழு பீன்ஸ் டின் என்றால் தண்ணீரை வடித்து, குழாயில் அலசினாலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சோடியம் போய்விடும். மசித்த பீன்ஸை அலச முடியாது. டின்னில் போட்ட உப்பு மொத்தமும் வயிற்றுக்குத்தான்.

மெக்சிகோ அரசு 2020 அக்டோபரிலிருந்து, உப்போ சர்க்கரையோ கொழுப்போ அதிகமுள்ள பாக்கெட், டின் உணவுகளின் முகப்பிலேயே கறுப்பு எண்கோண முத்திரை அச்சிட வைத்திருக்கிறது. அதே அரசின் 2023 உணவு வழிகாட்டி, பீன்ஸும் மற்ற பயறுகளும் தினமும் சாப்பிடச் சொல்கிறது. அந்த நாட்டிலேயே பீன்ஸ் சாப்பிடுவது சில பத்தாண்டுகளாகக் குறைந்துவருகிறது. ஏழை வீட்டுச் சாப்பாடு என்று பயறை ஒதுக்கிவிட்டு குளிர்பானத்துக்கும் பாக்கெட் தீனிக்கும் போன குடும்பங்கள் அங்கேயும் நிறைய.

இரண்டாவது விஷயம், நீங்கள் சைவம் என்று எழுதியதால் சொல்கிறேன். அசல் ரெஃப்ரிதோஸில் போடும் கொழுப்பு பன்றிக் கொழுப்பு. ஸ்பானியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் பன்றியைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த வதக்கல் முறையே பிறந்தது. அதற்கு முன் மெக்சிகோவில் பீன்ஸைப் பானையில் வேகவைத்துத் தின்றார்கள். இன்றைக்கும் ‘ட்ரெடிஷனல்’ என்று அச்சிட்ட டின்களில் பன்றிக் கொழுப்பு இருப்பது சாதாரணம். பொருள் பட்டியலில் ‘லார்ட்’ என்று இருக்கும், ஸ்பானிஷில் ‘மான்தேகா தெ செர்தோ’. சைவர்கள் ‘வெஜிடேரியன்’ என்று தெளிவாகப் போட்ட டின்னைத்தான் வாங்க வேண்டும். உணவகத்தில் வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். பீன்ஸ்தானே என்று வருடக்கணக்கில் தெரியாமல் சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். இது உடல்நலப் பிரச்சினை அல்ல. நெய்யோடு ஒப்பிட்டால் பன்றிக் கொழுப்பில் நிறைவுற்ற கொழுப்பு குறைவுதான். ஆனால் ஒருவர் எதைச் சாப்பிடுகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ‘சப்பாத்தி மாதிரி’யைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோதுமை டார்ட்டியாவுக்குப் பதில் மக்காச்சோள டார்ட்டியா வாங்கச் சொல்லுங்கள். பொதுவாக உப்பு மிகக் குறைவு. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைப்பதால் கால்சியமும் கூடுகிறது, சோளத்தில் பிடிபட்டுக் கிடக்கும் நியாசின் என்ற பி வைட்டமினும் உடம்புக்குக் கிடைக்கிறது. புரதத்தின் அங்கங்களில், சோளத்தில் குறைவான லைசின் பீன்ஸில் நிறைய. பீன்ஸில் குறைவான மெத்தியோனின் சோளத்தில் உண்டு. நம் இட்லியில் அரிசியும் உளுந்தும் செய்கிற அதே வேலை.

மகனிடம் இதையும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அரை கிலோ பின்டோவோ ராஜ்மாவோ இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் வேகவைத்தால் நாலு நாளைக்கு வரும். ஊறிய தண்ணீரைக் கொட்டினால் வாயுத் தொல்லையும் குறையும். மெக்சிகோவில் இதற்கு எபசோத்தே என்ற இலை போடுகிறார்கள். உங்கள் மருமகள் பெருங்காயம் போடட்டும். ஒரு ஸ்பூன் எண்ணெயில் வெங்காயம், பூண்டு, சீரகம் வதக்கி மசித்துவிட்டால் வேலை முடிந்தது. மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் மட்டும் வேகாத பீன்ஸை நேரடியாகப் போட வேண்டாம். ராஜ்மா வகைகளில், முக்கியமாகச் சிவப்பில், லெக்டின் என்ற நச்சுப் பொருள் உண்டு. நன்றாகக் கொதித்தால் அழிந்துவிடும். கொதிநிலைக்குக் கீழே அரைவேக்காடாக நின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் படுத்திவிடும். குறைந்தது அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க வேண்டும்.

பேரனுக்கு டின் பீன்ஸ் வழக்கமாக வேண்டாம். அந்த வயதுக்கு அவ்வளவு உப்பு அதிகம். ஞாயிற்றுக்கிழமை வேகவைத்ததில் உப்பு சேர்க்கும் முன்பே ஒரு கிண்ணம் தனியே எடுத்து, தோல் தட்டுப்படாமல் மசித்து, பக்கத்தில் ஒரு துண்டு தக்காளியோ ஆரஞ்சோ வைத்து ஊட்டச் சொல்லுங்கள். இரண்டு வயதில் இரும்பும் புரதமும் அவனுக்கு வேண்டும், அது அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது.