முன்சில்லு இழுக்கும் காருக்கு எந்த எல்.எஸ்.டி. பொருத்தலாம்?

கேட்டவர் தம்முடைய காரின் பெயரை எழுதவில்லை. திருகோணமலையில் இருப்பதாகவும், 1.6 லீட்டர் முன்சில்லு இழுவைக் கார் என்றும், வளைவிலிருந்து வெளியேறும்போது உள்பக்கச் சில்லு வீணாகச் சுற்றுவதாகவும், லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (எல்.எஸ்.டி., ஒரு சில்லு வழுக்கும்போது மற்றதற்கும் விசை போகச் செய்யும் டிஃபரன்ஷியல்) பொருத்த விரும்புவதாகவும், நண்பர்கள் எல்லோரும் கிளச் வகையில் 2-வே எடுக்கச் சொல்வதாகவும் எழுதி, அது சரியா என்று கேட்டிருக்கிறார். சரியில்லை என்பதே என் பதில். நீங்கள் வார நாட்களில் அதே காரில்தான் வேலைக்குப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்: ஹெலிக்கல் வகையைப் பாருங்கள், டோர்சன் என்று பொதுவாகச் சொல்வார்களே, அந்தக் குடும்பம்.

இந்தக் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இதே பொருளைத் தேடி நான் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போனபோது ஒரு கராஜ்காரர், ‘உங்கட ஊரில மான்தானே ரோட்டில படுத்திருக்கும், உங்களுக்கு எல்.எஸ்.டி. எதுக்கு?’ என்று கேட்டுச் சிரித்தார். மான் படுத்திருப்பது உண்மைதான். கோட்டைப் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள். ஆனால் நிலாவெளி வீதியில் காற்று கொண்டுவந்து போடும் மணலும், கார்த்திகை மார்கழி மழையும், மாடுகள் திடீரென்று குறுக்கே வருவதும் சேர்ந்த இந்த ஊரில், சில்லின் பிடிமானம் பற்றி யோசிப்பதற்குக் கொழும்பை விடக் காரணங்கள் அதிகம்.

டிஃபரன்ஷியல் என்பது எஞ்சினின் விசையை இடது வலது சில்லுகளுக்குப் பிரித்துக்கொடுத்து, வளைவில் அவை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்த் தொகுதி. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சில்லுகளுக்கும் ஏறக்குறைய சமமான முறுக்குவிசையையே கொடுக்கும். மழை நாளில் உவர்மலை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் திரும்பி ஏறும்போது கார் வெளிப்பக்கம் சாய்கிறது, உள்பக்கச் சில்லின் மேலுள்ள பாரம் குறைகிறது. அந்தச் சில்லு 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்காமல் சுற்றத் தொடங்கினால், தரையை நன்றாகப் பிடித்திருக்கும் மற்றச் சில்லுக்கும் அதே 100 தான் போகும். அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் ரயர்தான் தேயும். ஹெலிக்கல் வகையில் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால், விசை ஏறும்போது உள்ளேயிருக்கும் சிறு கியர்கள் உறையின் சுவரோடு அழுந்தி உராய்கின்றன. ஒரு சில்லு வழுக்கப் பார்க்கும்போது அந்த உராய்வே விசையை மற்றப் பக்கம் திருப்பிவிடுகிறது. அதன் விகிதம் 2.5 என்றால், வழுக்கும் சில்லு 100 தாங்கும் இடத்தில் மற்றதற்கு 250 வரை போகும். அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் உள்ளே விசை குறைந்து உராய்வும் தளர்ந்துவிடுவதால், ஸ்டியரிங்கில் பெரிய வித்தியாசம் தெரியாது.

கிளச் வகையில் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். சிறு கியர்களைத் தாங்கும் பினியன் தண்டு சரிவான வெட்டொன்றில் ஏறி, அழுத்து வளையங்களை விலக்கித் தட்டுகளை இறுக்குகிறது. முடுக்கும்போது மட்டும் இறுகுவது 1-வே. முடுக்கும்போதும் காலை எடுக்கும்போதும் ஒரே அளவில் இறுகுவது 2-வே. காலை எடுக்கும்போது குறைவாக இறுகுவது 1.5. முன்சில்லுக் காரில் 2-வே போட்டால், வளைவுக்குள் நுழைவதற்காக நீங்கள் காலை எடுக்கும் அந்தக் கணத்தில் இரண்டு முன்சில்லுகளும் ஒரே வேகத்தில் சுற்றப் பார்க்கும். காரின் மூக்கு உள்ளே திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். ஏகாம்பரம் வீதியில் காரைத் திருப்பி நிறுத்தும்போது ‘டக் டக்’ என்று கேட்கும் சத்தம் இதற்கு மேல் வரும் தொல்லை. 2-வே நல்லது என்று உங்கள் நண்பர்கள் கேள்விப்பட்டது பொய்யல்ல. பின்சில்லு இழுக்கும் கார்களைச் சறுக்கி ஓட்டுபவர்களிடமிருந்து வந்த சொல் அது. அவர்களுக்கு அது சரி, உங்களுக்கு அல்ல.

இப்போது பந்தயக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும், ஆகையால் ஹெலிக்கலின் குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு சில்லு முழுவதாக அந்தரத்தில் தூக்கப்பட்டால் அது தாங்கும் விசை பூச்சியம், பூச்சியத்தை 2.5 ஆல் பெருக்கினாலும் பூச்சியம்தான். மின்னேரியாவிலும் தியத்தலாவையிலும் நடக்கும் சுப்பர்குரொஸ் போன்ற மண் தடங்களில் சில்லு தூக்குவது சாதாரணம் என்பதால், அங்கே தொடர்ந்து ஓடுபவர் கிளச் வகையில் 1-வே அல்லது 1.5 எடுத்து, தட்டுகளை அவ்வப்போது மாற்றும் செலவையும் ஏற்றுக்கொள்வது நியாயமானது. பிசுபிசுப்பான திரவத்தால் வேலை செய்யும் விஸ்கஸ் வகையைப் பற்றி நீங்கள் யோசிக்கவே வேண்டாம். மாஸ்டா எம்.எக்ஸ்-5 கூட ஆரம்ப 1.6 மாதிரியில் அதை வைத்திருந்து, 1994இல் 1.8 வந்தபோது டோர்சனுக்கு மாறியது. பழைய காரிலிருந்து கழற்றிய விஸ்கஸ் பெரும்பாலும் உயிரில்லாமல்தான் வரும்.

என்னுடையது ஹொண்டா சிவிக் ஈ.கே.4. 1997இல் வந்த சிவிக் டைப் ஆர், அதாவது ஈ.கே.9, தொழிற்சாலையிலேயே ஹெலிக்கல் எல்.எஸ்.டி.யுடன் வந்தது, இரண்டும் ஒரே குடும்பக் கியர்பொக்ஸ் என்பதால் அதைத் தேடிக் கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். ஒரு கடையில் மேசை மேல் டிஃபரன்ஷியலை வைத்து, ஒரு பக்கத்தைச் சுழற்றி, ‘பாருங்கோ, எவ்வளவு இறுக்கம், இது எல்.எஸ்.டி.தான்’ என்றார்கள். ஆக்சில் நுழையும் துளைக்குள் கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தேன். குறுக்கே ஒரு தண்டு, அதில் இரண்டு கூம்புக் கியர்கள், சுற்றிலும் காய்ந்து பிசினாகிப்போன பழைய ஒயில். சாதாரண டிஃபரன்ஷியல், இறுக்கம் முழுவதும் அந்தப் பிசினுடையது. ஹெலிக்கலில் குறுக்குத் தண்டு இருக்காது, உறையின் பக்க இடைவெளிகளில் சாய்ந்த பற்கள் தெரியும். காரை ஜக் அடித்துத் தூக்கி ஒரு சில்லைச் சுற்றிப் பார்க்கும் சோதனையையும் நம்பாதீர்கள்: ஹெலிக்கலிலும் மற்றச் சில்லு எதிர்ப்பக்கம்தான் சுற்றும், அதைப் பார்த்து நல்ல பொருளைத் திருப்பிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். எனக்கு உண்மையான பொருள் வேறொரு கடையில், உடைந்துபோன கியர்பொக்ஸ் ஒன்றுக்குள் கிடைத்தது.

பொருத்தியது பாலையூற்றில், மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களையும் கியர்களையும் திருத்திப் பழகிய மெக்கானிக் அண்ணன் ஒருவர். திருகோணமலையில் இந்த வேலைக்கு ஆளில்லை என்பவர்கள் அவர் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) அளப்பதைப் பார்க்க வேண்டும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்து, 0.1 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லை என்று உறுதியாகும் வரை கழற்றிக் கழற்றிப் போட்டார். ஹொண்டாவில் ரிங் கியர் போல்ட்டுகள் இடப்புரி, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகுபவை என்பதைக் கையில் எடுத்தவுடனேயே கண்டுகொண்டார். வழக்கம்போல் திருகி முறித்தவர்களின் கதைகள் நிறைய உண்டு. கியர்பொக்ஸ் இறங்கியிருக்கும்போதே பேரிங்கையும் ஒயில் சீலையும் மாற்றிவிடுங்கள், கூலி ஒரு தடவைதான்.

ஒயில் விஷயத்திலும் ஹெலிக்கலுக்கே என் வாக்கு. முன்சில்லுக் காரில் கியர்பொக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே ஒயிலில்தான் ஓடுகின்றன. கிளச் வகைக்கு அதற்கென்றே தயாரித்த ஒயில் வேண்டும். கடையில் கிடைக்கும் ஜி.எல்-5 தரக் கியர் ஒயிலை ஊற்றினால் அதன் கந்தகச் சேர்மானங்கள், கியர் மாற்றும்போது வேகங்களைச் சமப்படுத்தும் பித்தளை சிங்க்ரோ வளையங்களைக் கெடுக்கலாம். ஹெலிக்கலுக்கு உங்கள் கார்க் கையேட்டில் உள்ள ஒயிலே போதும்.

ரயர் நான்கும் தேய்ந்திருந்தால் முதலில் அவற்றை மாற்றி ஓட்டிப் பாருங்கள். பிறகும் சில்லு சுற்றினால் செலவழிக்கலாம். வாங்கும்போது காரின் பெயரைச் சொல்லிக் கேட்காமல் கியர்பொக்ஸில் பொறித்திருக்கும் எழுத்துகளைச் சொல்லிக் கேளுங்கள். ஈ.கே.3உம் சிவிக்தான், ஆனால் அதில் இருப்பது வேறு குடும்பமான டி-வரிசை எஞ்சின், டைப் ஆர் டிஃபரன்ஷியல் அதன் கியர்பொக்ஸில் நேராக ஏறாது. அந்த எழுத்துகளைக் கேள்வியில் சேர்த்தீர்களென்றால், எதைத் தேட வேண்டும் என்று சொல்கிறேன்.