45 வயதைத் தாண்டிய பெண்கள் வயதுக்கு ஏற்ற மாதிரிதான் உடுத்த வேண்டுமா?

46 வயதில் மயில் பச்சைப் புடவை கட்டியதற்கு நாத்தனார் முகம் சுளித்தார், இனிமேல் வெளிர் நிறம்தான் கட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். எனக்கு இப்போது 51. யாரோ சொன்னதைக் கேட்டு ஐந்து வருடம் பிடிக்காத புடவைகளைக் கட்டியவள் நான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

43 வயதில் ஒரு வளைகாப்புக்கு மிளகாய்ப்பழச் சிவப்பில் பட்டு கட்டிப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த சின்ன மாமியார், "பொண்ணு காலேஜ் போகப் போறா, இனிமே உனக்கு இந்தக் கலர் எதுக்கும்மா?" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அக்கறையாகச் சொன்னதால் மனதில் தங்கிவிட்டது. அன்றிலிருந்து சந்தனம், சாம்பல், காப்பிப்பொடி நிறம்தான். கடையில் புடவை எடுத்துப் போடுகிறவரிடம் "கொஞ்சம் வயசானவங்க கட்டற மாதிரி காட்டுங்க" என்று நானே கேட்க ஆரம்பித்தேன்.

மாறியது என் அப்பத்தாவின் பெட்டியைத் திறந்த அன்று. காரைக்குடிப் பக்கம் அவருக்கு. உள்ளே இருந்தது முழுக்கக் கண்டாங்கி. கடுகு மஞ்சள், அரக்கு, கறுப்பு, பெரிய பெரிய கட்டம், அகலக் கரை. (2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கண்டாங்கிதான்.) 70 வயதிலும் அதைக் கட்டிக்கொண்டுதான் வயலுக்கும் போனார், கோயிலுக்கும் போனார். வயதுக்கு மீறி உடுத்துகிறார் என்று ஊரில் யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது 1916, ஐ.நா. சபையில் பாடியது 1966, அப்போது வயது 50. காஞ்சிபுரம் பட்டில் அவர் பெயரையே தாங்கி நிற்கும் எம்.எஸ். நீலம் எவ்வளவு அழுத்தமான நிறம்! வயது ஏற ஏறப் பெண் மங்கலாகத் தெரிய வேண்டும் என்ற எண்ணம், கணவனை இழந்தவளுக்கு வெள்ளைச் சேலை கொடுத்த மனநிலையின் மிச்சம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்கு நாம் ஏன் கட்டுப்பட வேண்டும்?

சரி, வயதுக்காக எதையுமே மாற்ற வேண்டாமா என்றால், மாற்றத்தான் வேண்டும். ஆனால் உடம்பு கேட்பதற்காக மாற்றுங்கள். மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீரென்று மார்பிலிருந்து முகம் வரை குப்பென்று சூடு ஏறி வியர்த்துக் கொட்டும். அந்த நேரத்தில் பாலியெஸ்டர் புடவை தாங்கவே முடியாது. நான் தினசரிக்குச் சுங்குடிக்கும் கைத்தறிப் பருத்திக்கும் மாறியது அதனால்தான். சாப்பாட்டு அளவு மாறாவிட்டாலும் இடுப்பில் சதை போடும். அதனால் ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது இரண்டு பக்கமும் உள்ளே ஒரு இஞ்ச் துணி விடச் சொல்லுங்கள், பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். பின்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கைகளை நான் விட்டுவிட்டேன். 40 முதல் 60 வயதுக்குள் பெண்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது சகஜம். எனக்கும் வந்தது, ஆறு மாதம் கையைப் பின்னால் கொண்டுபோகவே முடியவில்லை.

இன்னொன்று, இதை எந்த அழகுக் குறிப்பிலும் சொல்ல மாட்டார்கள். பாவாடை நாடாவை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டிக் கட்டி இடுப்பில் தோல் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். வருடக்கணக்கில் அழுத்தினால் அங்கே புண்ணாகும். ஆறாத அந்தப் புண் அபூர்வமாகத் தோல் புற்றுநோயாக மாறியதையும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாடாவை எடுத்துவிட்டு அகலமான பட்டை வைத்துக்கொள்ளுங்கள், கட்டும் இடத்தையும் அவ்வப்போது மாற்றுங்கள்.

சுடிதார் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போடுங்கள். பஸ் ஏறி இறங்குகிறவர்களுக்கு, முட்டி வலி இருக்கிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. 2019-ல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை விதியிலேயே பெண்களுக்குப் புடவை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார் என்று இருந்தது. இத்தனை வயதுக்கு மேல் கூடாது என்று அரசாங்கமே சொல்லாதபோது நாத்தனார் எப்படிச் சொல்ல முடியும்? அவரிடம் சண்டை போட வேண்டாம். "எனக்குப் பிடிச்சிருக்கு அண்ணி" என்று மட்டும் சொல்லுங்கள். நான் சின்ன மாமியாரிடம் அதைத்தான் சொன்னேன், அப்புறம் அவர் கேட்கவில்லை.

அடுத்த விசேஷத்துக்கு அந்த மயில் பச்சையையே எடுங்கள். ரவிக்கை இறுக்கிப் பிடித்தால் முந்தின வாரமே தையலைப் பிரித்துவிடச் சொல்லுங்கள், முகூர்த்த நாள் நெருங்கிவிட்டால் தையல்காரர் கையில் கிடைக்க மாட்டார்.