கோமாரூவ்: தப்பியவர் தோற்றவரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சோவியத்–போலந்துப் போரைப் பற்றிய குறிப்பில், 1920 ஆகஸ்ட் 31 அன்று போலந்திலுள்ள கோமாரூவ் என்ற ஊரில் போலந்துக் குதிரைப்படை ‘முழு வெற்றி’ பெற்றது என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் சோவியத் தளபதி புத்யோன்னியின் முதல் குதிரைச் சேனை போலந்துப் படைகளின் வளையத்திலிருந்து தப்பிச் சென்றுவிட்டதே? தப்பியவரைத் தோற்றவர் என்பது எப்படி? மேலும், இயந்திரத் துப்பாக்கி வந்துவிட்ட காலத்தில் இரு தரப்பும் வாளோடு மோதிக்கொண்டது எனக்கு விளங்கவில்லை.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

‘முழு வெற்றி’ என்றது என் அவசரம்தான். அச்சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் தப்பியதாலேயே ஒரு படை தோற்கவில்லை என்ற உங்கள் வாதத்தையும் அப்படியே ஏற்க முடியவில்லை.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முதல் உலகப் போரில் பிரான்சில் பதுங்குகுழிகளும் முள்கம்பியும் கடற்கரையிலிருந்து சுவிட்சர்லாந்து எல்லைவரை இடைவெளியின்றிக் கிடந்தன. அங்கே குதிரைக்கு வேலையில்லை. உக்ரைன் சமவெளியிலோ நெடிய போர்முனையைக் காக்க மிகக் குறைந்த படையே இருந்ததால், இடைவெளியில் புகுந்து பின்புறம் போய்விடக் குதிரைப்படையால் முடிந்தது. 1920 ஜூன் தொடக்கத்தில் புத்யோன்னி அப்படிப் புகுந்ததும், போலந்துப் படை கீவ் நகரையே விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. இயந்திரத் துப்பாக்கி அவரிடமும் இருந்தது: குதிரை வண்டியின் பின்புறம் அதைப் பொருத்தி, ‘தச்சான்கா’ என்ற பெயரில் படையோடே ஓட்டிச் சென்றார்கள்.

வார்சாவுக்கு அருகே மற்றொரு சோவியத் தளபதியான துகச்செவ்ஸ்கியின் படைகள் உடைந்த பிறகுதான், லிவோவ் நகரைப் பிடிக்கும் முயற்சியில் நாள்களைக் கழித்திருந்த புத்யோன்னி வடக்கே திரும்பினார். வழியில் இருந்த ஸமோஷ்ச் நகரைப் பொல்துச் தலைமையிலான போலந்துக் காலாட்படையும் போலந்தோடு சேர்ந்து போரிட்ட பெஸ்ருச்கோவின் உக்ரைனியப் பிரிவும் விட்டுக்கொடுக்கவில்லை. (இக்கதையில் உக்ரைனியர்களை மறந்துவிடுவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது.) அதற்குள் போலந்துப் படைகள் தெற்கிலும் வடக்கிலும் நெருங்கிவிட, ஹ்ருபியெஷூவ் பக்கமாக வெளியேற ஒரு குறுகிய வழியே மிஞ்சியது.

அந்த வழியில்தான் போலந்துத் தளபதி யூலியுஷ் ரோம்மெலின் குதிரைப்படைப் பிரிவு, ஏறத்தாழ 1,500 வாள்களோடு (அதாவது குதிரை வீரர்களோடு), நின்றது. காலையில் வோலித்சா ஷ்னியாதிட்ஸ்கா என்ற ஊரருகே 255ஆம் குன்றுக்காக மோதல் தொடங்கியது. மழையில் ஊறிய நிலத்தில், களைத்த குதிரைகளின் மேல், ஒரு ரெஜிமெண்ட் பின்தள்ளப்பட்டதும் அடுத்தது பாய்ந்தது. மாலையில் வழிதிறக்க வந்த சோவியத் 6ஆம் பிரிவின் மீது கடைசிப் பாய்ச்சல் நடந்தது. புத்யோன்னியின் ஆள்பலம் போலந்து நூல்களில் நூலுக்கு நூல் ஏறிக்கொண்டே போகும். பல மடங்கு பெரியது என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த 6ஆம் பிரிவோடு நிருபராகச் சென்ற ஐசக் பாபெல், செஸ்நிகி ஊரருகே நடந்த மோதலைக் கதையாக்கியிருக்கிறார். அதில் அப்பிரிவின் கொசாக்குக் குதிரை வீரர்கள் பாய்ந்து போகிறார்கள். எதிரே மூச்சுவிடாத சுவர்போல் நிற்கும் வரிசையை நெருங்கியதும் மோதாமலே குதிரைகளைத் திருப்பிவிடுகிறார்கள். கதைசொல்லியோ கைத்துப்பாக்கியில் குண்டே போடாமல் அந்தப் பாய்ச்சலில் போயிருக்கிறான். இது புனைவு, சாட்சியம் அன்று. ஆயினும் ஜூனில் கீவைக் காலிசெய்ய வைத்த படை இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், அந்தக் காட்சி வேறு மாதிரித் தெரியும்.

களம் போலந்தின் கையில் நின்றது. ஆனால் வழியை அடைக்க அவர்களால் முடியவில்லை. சேனையின் பெரும்பகுதி வெளியேறிவிட்டது. இதுவரை நீங்கள் சொல்வது சரி. பின்வாங்கும் படை எத்தனை பேரோடு போனது என்பதோடு, எந்த நிலையில் போனது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி. கோமாரூவ் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். பசியும் களைப்பும் பழைய வெறுப்புகளும் சேர்ந்துகொண்டன. செப்டம்பர் இறுதியில் அதே 6ஆம் பிரிவினர் போகும் வழியிலிருந்த யூத ஊர்களைச் சூறையாடிக் கொலைகள் செய்தார்கள். தடுக்கப் போன தங்கள் கமிசார் (கட்சியின் அரசியல் அதிகாரி) ஷெபெலியோவையே கொன்றார்கள். அக்டோபரில் அப்பிரிவின் சில ரெஜிமெண்ட்களின் ஆயுதங்களைப் பறித்துக் கலைத்தது புத்யோன்னியின் சொந்தச் சேனைத் தலைமை.