இரவுக் கட்டணத்துக்கு மாறலாமா?

கேள்வி: மின்சாரக் கார் வாங்கியிருக்கிறேன். மாதம் 1,200 கி.மீ. ஓடும். இரவில் யூனிட் விலை குறையும் கட்டணத் திட்டத்துக்கு மாறி, வீட்டு லோடை, அதாவது இணைப்புக்கு அனுமதித்த கிலோவாட் அளவைக் கூட்டி, 7 கிலோவாட் சார்ஜர் மாட்டச் சொல்கிறார் விற்பனையாளர். லாபமா?

பதில்: இவை இரண்டு தனித்தனி முடிவுகள். சேர்த்து விற்பது அவருக்கு வசதி, உங்களுக்கு அல்ல.

முதலில் சார்ஜர். நாளுக்கு 40 கி.மீ. ஓட்டுகிறீர்கள். நடுத்தரக் கார் யூனிட்டுக்குச் சுமார் 6 கி.மீ. ஓடும். சார்ஜ் ஏறும்போது வீணாவது பத்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும் தினம் ஏழரை யூனிட் போதும். 2 கிலோவாட் தரும் சாதாரண பிளக்கிலேயே நாலு மணி நேரத்துக்குள் அது ஏறிவிடும். கார் இரவு முழுக்கச் சும்மாதானே நிற்கிறது? தனி வயரிங், நல்ல எர்த் மட்டும் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்; மணிக்கணக்கில் பாயும் மின்சாரத்தில் அது உருகலாம்.

லோடைக் கூட்டினால் நிலைக்கட்டணம் பெரும்பாலும் ஏறும். டிரான்ஸ்ஃபார்மரும் கேபிளும் உச்ச நேரத் தேவையைத் தாங்கும்படி போடப்படுபவை. அந்தச் செலவில் ஒரு பங்கை உங்கள் கிலோவாட்டை வைத்து வாங்குகிறார்கள். கார் ஓடாத மாதமும் கட்டியாக வேண்டும்.

அடுத்தது இரவுக் கட்டணம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் மாறுவது கார் மட்டுமல்ல, வீடு முழுவதும். இரவில் விலை குறைந்தால் மாலையில் ஏறும். ஒப்பிட மட்டும், ரூபாயில் அல்ல, யூனிட்டின் சாதாரண விலை 100, இரவில் 70, மாலை உச்ச நேரத்தில் 130 என்று வைத்துக்கொள்வோம். காருக்கு மாதம் 220 யூனிட். யூனிட்டுக்கு 30 வீதம் 6,600 மிச்சம். வீடு மாலையில் 100 யூனிட் எடுத்தால் 3,000 கூடுதல், பரவாயில்லை. ஏ.சி., அடுப்பு, கீசர் எல்லாம் மாலையில் ஓடி அது 200 யூனிட் ஆனால் 6,000 போய்விடும். அப்புறம் என்ன லாபம்?

ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் மணிவாரிக் கணக்கை எடுத்துப் பாருங்கள். உங்கள் ஊர் விலைகளை இதே கணக்கில் போட்டு, காரில் மிஞ்சுவதில் பாதிக்கு மேல் மாலை உபயோகம் தின்றுவிட்டால் மாறாதீர்கள். காருக்கு மட்டும் தனி மீட்டர் தருவார்களா என்றும் கேளுங்கள். அதன் நிலைக்கட்டணம் குறைவென்றால் அதுவே நல்ல வழி.

நெடும்பயணத்துக்குப் பொது இடத்து வேகச் சார்ஜர் இருக்கிறது. யூனிட் விலை அதிகம்தான், ஆனால் எப்போதோ ஒருமுறை. அதற்காக வீட்டில் 7 கிலோவாட் தேவையில்லை.