பையில் 12 பந்து: எண்ணிக்கை எங்கே கூடிவிடுகிறது?

காரைக்குடி, பிளஸ் ஒன் மாணவர்: ஐயா, பையில் 5 சிவப்பு, 4 நீலம், 3 வெள்ளை. ஒவ்வொரு பந்துக்கும் தனி எண் உண்டு. 4 எடுக்கணும், ஒரு சிவப்பாவது இருக்கணும். சிவப்பு ஒன்றுக்கு 5 வழி, மீதி 11-இல் 3 எடுக்க 165 வழி, பெருக்கினால் 825. விடை 460 என்கிறார்களே?

பதில்: தம்பி, நிபந்தனையே இல்லாவிட்டாலும் 12-இல் 4 எடுக்க 495 வழிதான். 825 அதைத் தாண்டும்போதே உஷாராகிவிடணும். சி1, சி2, நீ1, வெ1 வந்ததாக வையுங்க. சி1-ஐ முதலில் எடுத்து சி2-ஐ மீதியில் எடுத்தது ஒரு தடவை, மாற்றி எடுத்தது இன்னொரு தடவை. கையில் இருப்பதோ அதே நாலு பந்து.

‘குறைந்தது ஒன்று’ என்றால், ஒன்றுகூட இல்லாததைக் கழித்துவிடுங்க. சிவப்பல்லாத 7-இல் 4 எடுக்க 35. 495 − 35 = 460. சரிபார்க்கணுமா? ஒரு சிவப்பு 175, இரண்டு 210, மூன்று 70, நான்கு 5. உங்க 825-இல் இவை முறையே 1, 2, 3, 4 மடங்காக ஏறியிருக்கின்றன.

தேவகோட்டை: மூன்று நிறமும் வரணும் என்றால் 5×4×3×9 = 540 சரிதானே?

பதில்: அதில் பாதி, 270. ஒரு நிறம் இரண்டாக வந்தே தீரும். அந்த ஜோடியை இருமுறை எண்ணிவிட்டீர்கள். இரட்டையாக வரும் நிறத்தை வைத்துப் பிரியுங்கள்: சிவப்பு 120, நீலம் 90, வெள்ளை 60. ‘2-ஆல் வகு’ என்று மனப்பாடம் மட்டும் செய்யாதீர்கள். 5 பந்து எடுத்தால் 3+1+1 மும்முறையும் 2+2+1 நான்கு முறையும் எண்ணப்படும். எதைக் கொண்டு வகுப்பது?

கோட்டையூர்: பந்தில் எண்ணே இல்லை, நிறம் மட்டும்தான் கணக்கு என்றால்?

பதில்: 4 எடுக்க 14 விதம். நான்கை மூன்று நிறத்துக்குப் பங்கிட 15 வழி. நாலும் வெள்ளை என்பது நடக்காது. நிகழ்தகவுக்கு மட்டும் இந்த 14-ஐத் தொடாதீர்கள், அவை சமவாய்ப்பானவை அல்ல. அங்கே 495-தான் கீழே வரணும்.

கானாடுகாத்தான்: வளவு ஓரத்தில் ஒரே வரிசையாக 7 ஆத்தங்குடி டைல்ஸ், 4 பச்சை, 3 சிவப்பு. சிவப்பு இரண்டு ஒட்டி வரக்கூடாது. எத்தனை விதமாகப் பதிக்கலாம் தம்பி?

பதில்: ஆச்சி, பச்சை நாலையும் முதலில் வைத்துவிடுங்க. நடுவில் 3, முனையில் 2, ஆக 5 சந்து. அதில் 3 சந்துக்கு ஒவ்வொரு சிவப்பு, 10 விதம். எதிர்ப்பக்கம் நின்று பார்க்கும் வரிசையையும் ஒன்றாகவே கொண்டால் 6. இரு முனையிலும் சிவப்பு வேண்டாம் என்றால் ஒரே விதம்தான்: பச்சையில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்று.