எடை காட்டுகிறது, ஆட்டம் காட்டவில்லை

கேள்வி: ஆழ்கடலுக்குப் போய்வந்தவர்களுக்குக் கரையில் நின்றாலும் தரை ஆடுவதுபோல இருக்கிறது என்கிறார்கள். அந்த ஆட்டத்தை அளக்க, அறிவியல் கண்காட்சிக்காக மாணவர்கள் பலகைக்கு அடியில் நான்கு லோடு செல்களை (பாரத்தை மின்சைகையாக மாற்றும் உணரிகள்) பொருத்தி, அந்தச் சைகையை எண்ணாக மாற்றும் ஒரு எச்எக்ஸ்711 போர்டில் இணைத்தார்கள். எடை சரியாக வருகிறது, ஆட்டம் மட்டும் தெரியவில்லை. எங்கே பிழை?
— இயற்பியல் ஆசிரியர், குளச்சல்

பதில்: பிழை வயரிங்கில்தான். நான்கு செல்களையும் ஒரே பாலமாக (நான்கு மின்தடைகள் சேர்ந்த அளவுச் சுற்று) இணைத்தால் கூட்டுத்தொகை மட்டுமே கிடைக்கும். அது எடை மெஷினுக்குப் போதும். ஆட்டத்துக்கு எந்த மூலையில் எவ்வளவு பாரம் என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஆகவே செல்லுக்கு ஒரு போர்டு, மொத்தம் நான்கு. மூன்று வயர் உள்ள 50 கிலோ செல் அரைப்பாலம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு 1 கிலோஓம் ரெசிஸ்டர் சேர்த்துப் பாலத்தை முழுமையாக்குங்கள். மல்ட்டிமீட்டரில் பார்த்து ஒரே மதிப்புள்ள ஜோடியாக எடுங்கள். சற்று வேறுபட்டாலும் அளவு ஒரு பக்கமாக ஒதுங்கிப்போகும். போர்டு பெரும்பாலும் நொடிக்கு 10 அளவுகள் என்ற நிலையில் வரும். ரேட் முனையை மாற்றி 80 ஆக்குங்கள்.

இனி கணக்கு. வலது இரண்டின் கூட்டலிலிருந்து இடது இரண்டின் கூட்டலைக் கழித்து, மொத்த எடையால் வகுத்து, செல்களின் இடைவெளியில் பாதியால் பெருக்குங்கள். இடைவெளி 40 செ.மீ., எடை 60 கிலோ, வலம் 30.6, இடம் 29.4 என்றால் 1.2 ÷ 60 × 20 = 0.4 செ.மீ. பாதத்தின் அழுத்தப்புள்ளி 4 மி.மீ. வலப்பக்கம் இருக்கிறது. முன்பின் திசைக்கும் இதே வழிதான். இது உடலின் எடைமையம் அன்று. அந்த மையத்தை விழாமல் பிடித்து நிறுத்தக் கணுக்கால் செய்யும் வேலையின் தடம்.

பலரும் ஏமாறுவது சத்தத்தில், அதாவது யாரும் அசையாதபோதும் கருவியின் அளவு தானாகத் துள்ளுவதில். மேலே சொன்ன பலகையில் 0.1 கிலோ துள்ளினால் புள்ளி 0.33 மி.மீ. நகரும். புள்ளி நகரும் மொத்தத் தூரமே பாதை. நொடிக்கு 80 முறை அப்படித் துள்ளினால் நொடிக்கு 26 மி.மீ. பொய்ப்பாதை! இளைஞர் ஒருவரின் உண்மையான ஆட்டமே நொடிக்கு ஏறத்தாழ 10 மி.மீ.தான். ஆகவே முதலில் 50 கிலோ சிமெண்ட் மூட்டையை வைத்து அளந்து பாருங்கள். மூட்டை ஆடாது, அது காட்டும் பாதை முழுவதும் கருவியின் சத்தம். 10 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை வடிகட்டிய பிறகே பாதை நீளத்தைக் கூட்டுங்கள். பலகை வளையாத 18 மி.மீ. பிளைவுட்டாக இருக்கட்டும். டைல்ஸ் தரையில் பலகையின் ஒரு மூலை தரையில் படியாமல் தூக்கி நின்றால் எல்லாம் வீண்.

நிற்பவர் வெறுங்காலுடன், கைகளைத் தொங்கவிட்டு, 2 மீட்டர் தள்ளிக் கண்மட்டத்தில் உள்ள புள்ளியைப் பார்க்கட்டும். பேசக்கூடாது. பாதத்தைத் தாளில் வரைந்து வைத்து ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிறுத்துங்கள். பாதம் நெருங்கினால் ஆட்டம் கூடும். கண்திறந்து 60 நொடி, கண்மூடி 60 நொடி, மும்மூன்று முறை. முதல் 5 நொடியைத் தள்ளிவிடுங்கள். கண்மூடிய பாதையைத் திறந்த பாதையால் வகுத்தால் வருவது ராம்பர்க் விகிதம். பொதுவாக 1-க்கு மேல் வரும். கண்மூடி நிற்கும்போது பின்னால் பிடிக்க ஒருவர் கட்டாயம்.

கரையேறிய அன்றும் மூன்றாம் நாளும் அதே நேரத்தில் அளந்து ஒப்பிடுங்கள். படகின் ஆட்டத்துக்குப் பழகிய மூளை மீண்டும் தரைக்குப் பழக ஓரிரு நாளாகும். அதற்கு மேலும் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். பேச்சு குழறினால், ஒரு பக்கம் தளர்ந்தால் கண்காட்சிக் கருவியை நம்பி நிற்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.