படிவத்தில் மதம் என்ன போடுவது?

தம்பி, ஸ்டுட்கார்ட்டில் வேலை கிடைத்து வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். "முகவரி பதியும்போது மதம் இல்லை என்று போட்டுவிடு, வரி மிச்சம். ஆபீசில் சர்ச் பேச்சே எடுக்காதே" என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். கிறிஸ்தவனாக இருந்துகொண்டு இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது என்று கேட்கிறீர்கள். நாகர்கோவில் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை என்கிற புராட்டஸ்டண்ட் சபை) பையன் வேறு, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பணம். ஜெர்மனியில் கத்தோலிக்க சபைக்கும், எவாங்கேலிஷ் என்கிற புராட்டஸ்டண்ட் சபைகளுக்கும் அரசே வரி வசூலித்துக் கொடுக்கிறது. சம்பளத்தின் மேல் அல்ல, வருமான வரியின் மேல் 9 சதவீதம். பவேரியாவிலும் நீங்கள் வரும் பாடன்-வூர்ட்டம்பெர்கிலும் 8. மாதம் 600 யூரோ வருமான வரி பிடித்தால் சபை வரி 48 யூரோ. வருடக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதையும் செலவாகக் காட்டிக் கழிக்கலாம். நம் சபை அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒற்றைத் தேங்காய்க்கு நாம் கொடுக்காத விலையா!

முகவரி பதியும் அந்தப் படிவம் உங்கள் விசுவாசத்தைக் கேட்கவில்லை, வரி வாங்கும் சபையில் உறுப்பினரா என்றுதான் கேட்கிறது. அதனால் பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் அந்த இடத்தை வெறுமனே விட்டால் அது பொய்யில்லை, அவர்கள் சபைக்கு இந்த வரி கிடையாது. கத்தோலிக்கர் 'இல்லை' என்று போடுவது வேறு கதை. நாளைக்குக் கோயிலில் கல்யாணம், பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று போய் நிற்கும்போது சிக்கல் வரும். நான் எவாங்கேலிஷ் என்று போட்டேன். சம்பளச் சீட்டில் 'எவ்' என்று சின்னதாக விழும். அதைப் பார்த்துவிட்டு ஆபீசில் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஆபீசைப் பற்றி நண்பர்கள் சொன்னது பாதி சரி. இங்கே மதத்தைப் பற்றித் தானாகப் பேச்சு எடுப்பவர்கள் குறைவு. மேசையில் வசன அட்டை வைத்து ஊழியம் செய்யக் கிளம்பாதீர்கள், வேலை நேரத்துக்கு அது பொருந்தாது. ஆனால் திங்கட்கிழமை காபி மெஷின் பக்கத்தில் "வார இறுதியில் என்ன செய்தாய்?" என்று கேட்டால், சர்ச்சுக்குப் போனேன் என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். கேன்டீனில் தட்டை வைத்துவிட்டு இரண்டு விநாடி தலை குனிந்து ஜெபியுங்கள். எதிரே இருப்பவர் முள்கரண்டியைப் பாதியில் நிறுத்திக் காத்திருப்பார், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை பீருக்கு அழைத்தால் போய் ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்து கேளுங்கள், யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

என்னைக் கேட்டால் சோதனை வேறு இடத்தில் இருக்கிறது. டிராம் நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது, டிக்கெட் இல்லாமலே ஏறிவிடலாம். எப்போதாவது பரிசோதகர் வருவார், பிடிபட்டால் 60 யூரோ. "மாதத்துக்கு ஒருமுறை மாட்டினாலும் லாபம்தானே" என்று கணக்குப் போடுகிற நம்மவர்கள் உண்டு, அதில் ஞாயிறு பாடகர் குழுவில் நிற்பவரும் உண்டு. வேலை நேரப் பதிவும் அப்படித்தான். பல கம்பெனிகளில் நீங்களே எழுதும் மணிக்கணக்கை நம்பிச் சம்பளம் போடுகிறார்கள். வீட்டிலிருந்து வேலை என்று சொல்லிவிட்டுத் துணி துவைத்த ஒரு மணி நேரத்தை அதில் எழுதாதீர்கள். நீங்கள் யார் என்பதை மேலாளர் அங்கேதான் படிப்பார்.

ஞாயிறு இங்கே சட்டப்படியே ஓய்வு நாள். கடைகள் பூட்டியிருக்கும், பாலையும் ரொட்டியையும் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். ஆனாலும் ஆராதனையில் பெரும்பாலும் நரைத்த தலைகள்தான். இங்கே ஹாலே நகரில் படித்த மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய கதையைச் சொன்னேன், பக்கத்து வரிசைப் பாட்டிக்குப் புதுச் செய்தி. அப்புறம் அதை ஆளுக்கு ஆள் சொல்லிக் கூட்டம் கூட்டிவிட்டார்! தமிழ் ஜெபம் கேட்க ஏங்கினால், ஆகஸ்டில் கேவலார் மாதா திருத்தலத்தில் இலங்கைத் தமிழர் பெருங்கூட்டமாகக் கூடுவார்கள், இந்துக்களும் வருவார்கள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து தூரம், ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே போடுங்கள்.

ஞானஸ்நானச் சான்றிதழை மறக்காமல் கைப்பையில் எடுத்து வாருங்கள்.